எல்லாரும் இருக்கிற இடம்

ஈப்போவின் புந்தோங் சந்தையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புஷ்பலதாவிடம், பழைய தோட்டத்துக்காரி ஒருத்தி வந்து கலாதேவி இறந்து ஐந்து நாளாகிவிட்டது என்றாள். உனக்குத் தெரியாதா என்று வந்தவளே ஆச்சரியப்பட்டாள். புஷ்பலதா கீரையை வைத்துவிட்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

கலாதேவியும் அவளும் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்துச் சனம் ஈப்போ, கமுந்திங், லூமுட் என்று மலேசிய ஊர்களுக்குச் சிதறிப்போனது. அவர்களை மறுபடி ஒன்றுசேர்த்தது கைப்பேசியில் வந்த ஒரு சமூக வலைத்தளத்துக் குழுதான். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாச் செய்தியும் அதில்தான். ஆறு மாதத்துக்கு முன் புஷ்பலதா பேருந்தில் வழுக்கி விழுந்ததை யாரோ படம்பிடித்து அதில் போட, சொந்தச் சனமே சிரித்தது. அன்றோடு அவள் விலகிவிட்டாள்.

லூமுட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோது கலாதேவியின் கணவர் சுகுமாரன் கோபப்படவில்லை.

"குரூப்ல போட்டோம்லா புஷ்பா. எல்லாரும் வந்தாங்க, நீ மட்டுந்தான் வரல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே."

"இப்ப யாரும்மா போன் பண்றா?"

வீடு திரும்பியவள் வேறொரு தளத்தில் குழு தொடங்கினாள். தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். பதினான்கு பேர் சேர்ந்தார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் அவள் மட்டும் காலை வணக்கம் போட்டாள். கேட்டால், மற்றவர்கள் வரட்டும், நானும் வருகிறேன் என்றே எல்லாரும் சொன்னார்கள்.

தை மாதம் மகள் ஷர்மினிக்கு நிச்சயதார்த்தம். அந்தத் தளம் கிழடுகளின் இடம் என்று இத்தனை நாள் கேலி செய்துவந்தவள் அவள். அங்கே அழைப்புப் போடாவிட்டால் பாதி மண்டபம் காலியாகத்தான் கிடக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி உட்கார்ந்து தனக்குப் புதுக் கணக்குத் தொடங்கி, அம்மாவின் பழைய கணக்கையும் திறந்து நீட்டினாள்.

புஷ்பலதா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "உனக்குத்தான் அது புடிக்காதே" என்றாள்.

"இப்பவும் புடிக்கலம்மா. ஆனா நம்மாளுங்க எல்லாம் அங்கதான இருக்காங்க. யாரும் நம்மளப் பூட்டி வைக்கல. மத்தவங்க மொதல்ல வெளிய போவட்டும்னு ஒவ்வொருத்தரும் உள்ளயே நிக்கிறோம். நாளைக்கு என் புள்ளையும் அங்கதான் வந்து நிக்கும்."