முதல் வெள்ளிக்கு வருகிறவர்

லெபனானுக்குப் போகும் மலேசிய அமைதிப்படையில் கிறிஸ்தவர்கள் மொத்தமே ஒன்பது பேர். அவர்களுக்குத் தைரியம் சொல்ல முகாமிலிருந்து அழைப்பு வந்ததும், போர்ட் கிள்ளான் பங்குச் சாமியார் ஸ்டானிஸ்லாஸ் மூன்று நாள் உட்கார்ந்து பிரசங்கம் எழுதினார். எழுதி என்ன? முப்பது வருஷம் பிரசங்கம் செய்தவர், பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஜெபம் சொல்லி, ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக வந்தவன் நைஜல். அவர் கையால் ஞானஸ்நானம் வாங்கியவன், இப்போது ராணுவத்தில் லோரி மெக்கானிக். கையில் ஒரு ஃபாரம்.

"ஃபாதர், எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டிருக்காங்க. உங்க பேரப் போட்டுட்டேன். ஆர்மிக்காரங்க போய் அம்மா முன்னால நிக்க வேணாம். நீங்க சொன்னாத்தான் தாங்குவாங்க."

"ஒண்ணும் ஆகாதுடா."

"தெரியும் லா. சும்மா ஃபாரத்துக்கு."

முடியாது என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் விமானம் ஏறப் போகிறவன். தலையை ஆட்டிவைத்தார். நைஜல் நிம்மதியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவன் தாய் உர்சுலாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. கோயிலுக்கு வர வழியில்லை. மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை ஃபாதரே அவள் பிளாட்டுக்கு நற்கருணை அப்பம் எடுத்துப் போவார். லிஃப்ட் சத்தம் கேட்டதுமே கதவைத் திறந்துவிடுவாள். மேசையில் வெள்ளைத்துணி, மெழுகுவர்த்தி, பக்கத்தில் சூடாகக் கோப்பி. அவளுக்கு இருந்த பேச்சுத்துணையே அந்த அரைமணி நேரம்தான்.

நைஜல் விமானம் ஏறிய பிறகு வந்த முதல் வெள்ளியன்று கதவு மூடியிருந்தது. தட்டினார். உள்ளே சக்கர நாற்காலி நகர்ந்தது, நின்றது.

"உர்சுலா, நான்தான். முதல் வெள்ளி."

வெகுநேரம் கழித்துத் திறந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

"என் புள்ளைக்கு என்ன ஃபாதர்?"

"அவன் நல்லாயிருக்கான்மா. நற்கருணை குடுக்கத்தான் வந்தேன்."

அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள். "போறப்போ சொல்லிட்டுப் போனான். வேற யாரு வந்து என்ன சொன்னாலும் நம்பாத, ஏதாச்சும்னா ஃபாதர்தான் வருவாருன்னு. நான் பயப்படக் கூடாதாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறான், பாவிப் பயல். இப்போது யாரைக் குறை சொல்வது?

நற்கருணை வாங்கும்போதும் அவள் கண் அவர் முகத்தையே துழாவியது, எதையாவது மறைக்கிறாரோ என்று.

"தப்பா நெனைக்காதீங்க ஃபாதர். அவன் திரும்பி வர்ற வரைக்கும் நீங்க வராதீங்க. வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"ஒரு வருஷம் ஆகும்மா."

"தெரியும் ஃபாதர். பெத்த வயிறு கேக்க மாட்டேங்குது."

அடுத்த முதல் வெள்ளிக்கு, கோயிலில் நற்கருணை கொடுக்க உதவும் ஏமி டீச்சர் மாடியேறினார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கூடவே வந்த ஃபாதர், உர்சுலா ஜன்னல் வழியே பார்த்துவிடுவாளோ என்று காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஏமி திரும்பி வந்து, "கதவத் தொறந்தே வச்சிருந்தாங்க ஃபாதர். கோப்பியும் குடுத்தாங்க" என்றார்.

"நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு ஃபாதர் காரை எடுத்தார்.