ஏனார் கொண்டுவந்த ஈயம்

"உங்கம்மாவுக்கு என்னதாம்மா புடிக்கும்?" என்று டயர் கடை ஏனார் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு போயிருந்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, கேட்காதவர்போல டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடினார். யார் எது கேட்டாலும் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். அன்று மட்டும் ஒரு சொல் வெளியே வந்துவிட்டது.

"ஈயம்."

பூ என்றோ சாக்லேட் என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை அதுதான். எங்கள் ஆற்றில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறும்போதெல்லாம் கரடிகளும் வரும். இடுப்பில் பெரிய ரிவால்வர் இல்லாமல் அம்மா பெர்ரிப் பழம் பறிக்கக்கூடப் போகமாட்டாள். அதற்கான தோட்டாக்களைத் தானே செய்வாள். கொட்டகையில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தலை தட்டையான கனத்த குண்டுகளாக வார்ப்பாள். ஆறியதும் தேன்மெழுகு பூசி, வெடிமருந்து அளந்து, பித்தளைக் கூட்டில் வைத்து அழுத்துவாள். மருந்து அளக்கும்போது கொட்டகையில் யாரும் பேசக்கூடாது. அதனாலேயே என்னை அங்கே உட்கார விடுவாள்.

ஏனாருக்கு அந்தச் சட்டம் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பித்தூள் டப்பா நிறைய ஈயக் கட்டிகளோடு வந்தார். சக்கரம் ஆடாமலிருக்க அதன் விளிம்பில் கவ்வவிடும் கட்டிகள். டயர் கடையில் கழற்றிப் போட்டவை. கூடவே ஒரு பொட்டலம் டோனட். அதை நேராக அம்மாவின் மேசைமேல் வைத்தார்.

"ஈயம் விஷம். அதுக்குப் பக்கத்துல திங்கிற பண்டத்தையா வைப்பாங்க? எங்களைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றாள் அம்மா.

"ஐயோ இல்லங்க வெல்டா. சர்க்கரை போட்டதுங்க. நல்லாருக்கும்."

டோனட் காக்கைகளுக்குப் போயிற்று. ஈயத்தை அம்மா வைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். தன் முதலாளி, வாத்து, ராத்திரி கண்ட கனவு என்று வாய் ஓயாமல் பேசுவார். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். சிரிப்பு வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு மட்டும் தெரியும்.

கோடை வந்தது. மேல் ஆற்றில் மீன் எண்ணும் வேலை ஏனாருக்குக் கிடைத்தது. பனி விழும்வரை தனியாகக் கூடாரத்தில் இருக்க வேண்டும். போவதற்குள் அம்மாவிடம் தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். வாய் வரவில்லை. அத்தனை பேசுகிறவருக்கு அது ஒன்று மட்டும் வரவில்லை. பதிலாக, பெரிய வாளி நிறையக் கட்டிகள் கொண்டுவந்தார். எல்லாம் வெள்ளி மாதிரி மின்னின.

"நானே பொறுக்கினது. கறுத்துப்போனது ஒண்ணுகூட இல்ல. துணியால தொடைச்சிருக்கேன்" என்றார்.

அந்த முறை அம்மா கட்டிகளைச் சரிபார்க்காமல் உருக்கும் சட்டியில் போட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் முதல்முறை. சட்டியில் ஏற்கெனவே இருந்தது அவள் வருடக்கணக்கில் சேர்த்த ஈயம். கொஞ்ச நேரத்தில் அது ஓட்ஸ் கஞ்சிபோலக் குழைந்தது. அச்சிலிருந்து விழுந்த குண்டுகள் சுருக்கம் விழுந்து, விளிம்பு நிரம்பாமல் கிடந்தன. புதிதாக மின்னும் கட்டிகளில் பாதி துத்தநாகம். அது கலந்தால் மொத்தச் சட்டியும் பாழ்.

ஏனாரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "அழுக்கானதை எப்படிங்க உங்களுக்குக் குடுக்கறதுன்னுதான்..."

அம்மா ஒரு பழைய வாணலியை எடுத்து அந்தக் கஞ்சியை அதில் கொட்டினாள். "ஆறினதும் எடுத்துட்டுப் போங்க. உங்க படகுக்கு நங்கூரமாவது ஆகும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசலை அடைந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"உங்க இடுப்புல இருக்கற ரிவால்வரை வெச்சிட்டுப் போங்க."

"எதுக்குங்க?"

"வெச்சிட்டுப் போங்கன்னா."

"நடுவுல கரடி வந்தா?"

"பேச்சுக் குடுங்க. அதுவே ஓடிரும்."

அவர் போனதும் அம்மா மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை அந்த ரிவால்வரின் குழலுக்குள் தட்டி மறுமுனையில் எடுத்தாள். குழலின் அகலம் தெரிய, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். இரண்டு வாரம் கழித்து ஆங்கரேஜ் நகரத்திலிருந்து வரும் தபால் விமானத்தில் ஒரு பொட்டலம் வந்தது. என்னைப் பிரிக்க விடவில்லை. ஆனால் மேசைமேல் இருந்த புதிய அச்சை நான் பார்த்துவிட்டேன். எங்கள் ரிவால்வரின் குழல் அளவு நாற்பத்து நான்கு. அச்சில் பொறித்திருந்தது நாற்பத்தைந்து, ஏனாருடைய அளவு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். மருந்து பிசகினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அம்மா அதைவிடக் கண்டிப்பு. யாருக்கும் அடைத்துக் கொடுக்கமாட்டாள். பக்கத்து வீட்டு ஹாலிஸ் ஒருமுறை கெஞ்சினார்.

"ஒரே ஒரு பெட்டி, வெல்டா. என்ன கேட்டாலும் தர்றேன்."

"உன் கை போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நானா விறகு வெட்டுவேன்? போய்யா" என்று அனுப்பிவிட்டாள்.

அப்பா எங்களோடு இருந்த காலத்தில்கூட அவருக்குக் கடைத் தோட்டாதான்.

அந்த வாரம் முழுக்க கொட்டகையில் தேன்மெழுகு வாசனை. கறுத்துப்போன பழைய கட்டிகளை ஒவ்வொன்றாகக் குறடால் கடித்து, துத்தநாகம் இல்லை என்று பார்த்துப் போட்டாள். மருந்து அளந்தபோது நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். பிறகு ஆற்றங்கரைக்குப் போய், ஏனாரின் ரிவால்வரில் முதல் தோட்டாவைத் தானே போட்டுச் சுட்டாள். கை மேலே எகிறியது. விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஏனார் கிளம்பும் காலையில் வண்டியை வாசலில் நிறுத்தினார். பின்னால் கூடாரம், மாவு மூட்டை, அந்த நங்கூரம். தலை குனிந்தபடி படியேறி வந்தவர், வழக்கம்போல ஆரம்பித்தார்.

"கடையில நல்ல தோட்டாவே வாங்கிட்டேங்க வெல்டா. விலை கூடத்தான், ஆனா பாருங்க, பெட்டியில கரடி படமெல்லாம் போட்டு..."

அம்மா ரிவால்வரையும் ஒரு மரப்பெட்டியையும் அவர் கையில் வைத்தாள்.

அவர் திறந்தார். வரிசையாகத் தட்டைத் தலைகள். ஒன்றை எடுத்து விளிம்பை விரலால் தடவினார். தன் ரிவால்வரைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கைகளைப் பார்த்தார். அவருக்கும் ஊர் வழக்கம் தெரியும்.

"சுட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அம்மா. "சந்தேகமா இருந்தா நீங்களும் ஒருதடவை..."

ஏனார் சுட்டுப் பார்க்கவில்லை. ரிவால்வரைத் திறந்து, அம்மாவின் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். மூடி இடுப்பில் செருகினார்.   தொப்பியைத் தொட்டார், திரும்பினார், கரடி படம் போட்ட பெட்டியை எங்கள் வாசல் கம்பிமேலேயே விட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் ஏறிப் போனார்.