முதல் நாள் தண்ணீர்

கடைசிக் கயிறும் அவிழ்ந்ததும் படகு ஒருமுறை முனகியது. உருளைக் கட்டைகளின் மேல் அதன் முழு எடையும் நகர, இடுப்பளவு தண்ணீரில் நின்ற சித்தப்பா, "விடு, விடு, கையை எடு!" என்று கத்தினார். சிராய் கையை எடுத்தாள். படகு சரிவில் வழுக்கிப் போய்த் தண்ணீரில் மூக்கை நுழைத்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். சின்ன வயதில் அப்பா மரம் இழைக்கும்போது காலடியை விட்டு நகரமாட்டாள். "கால்ல குத்துன சிராய் மாதிரி, எடுத்தாலும் வரமாட்டேங்குது" என்று அப்பா ஒருநாள் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. அந்தப் பெயரில் யாராவது வெளியே கூப்பிட்டால் கோபம் வரும். அப்பா கூப்பிட்டால் வராது.

படகுக்குள் ஏறிக் குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முன்பக்கம் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு மினுமினுப்பு, நெற்றியில் வியர்ப்பது போல. அது நூலாகி வழிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எதிர்ப்பக்கம் வேறொன்று. கண்ணெதிரே படகு முழுக்கத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

அந்த முதல் இடுக்கு அவள் அடைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சித்தப்பாவும் அவளும்தான் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்கள்.

"சித்தப்பா, தண்ணி!"

"பாத்தேன், பாத்தேன்." சித்தப்பா பம்பின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அது செருமிவிட்டு நின்றது. "இந்த மூதேவி நம்ம அவசரத்துக்கு என்னிக்குக் கிளம்பியிருக்கு? நீ ஏன் நிக்கற? ஓடு. இறங்கிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"ஆனா தண்ணி..."

"ஓடுன்னு சொல்றேன்ல!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பிறந்ததிலிருந்து அந்தத் துறையில் மரப்படகு எதுவும் தண்ணீரில் இறங்கிப் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஃபைபர் படகுகள். ஃபைபர் படகுக்குள் தண்ணீர் வந்தால் ஓட்டை என்று அர்த்தம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

மேட்டில் ஏறி ஓடினாள்.

அந்தப் படகு தாத்தா வாங்கியது. அவருக்குப் பின் அண்ணன் தம்பி இருவரும் அதில்தான் கடலுக்குப் போனார்கள். சித்தப்பா ஃபைபர் படகு வாங்கிய வருஷம் மரப்படகை ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் குப்புறக் கவிழ்த்துப் போட்டார். அப்பா அன்றோடு கடலை விட்டார், தம்பியோடு பேசுவதையும் விட்டார். கதவும் கட்டிலும் செய்யும் தச்சரானார். படகின் முதுகில் யார் யாரோ வலை உலர்த்தினார்கள். வெயிலில் பலகைகள் வாய் பிளந்தன. பிறகு ஒருநாள் அப்பா லாரி பிடித்து அதை வீட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"உங்க அப்பாவுக்கு நான் இளையவதான். மூத்தவ கொட்டகைல படுத்திருக்கா பாரு" என்பாள் அம்மா. உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே சித்தப்பா வந்து வாசலில் நின்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பக்கம் தூக்கு" என்றார். அவர்கள் மறுபடி பேசிக்கொண்டது அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்பா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒன் ஃபைபர் புத்தியக் காட்டிடாத. ஃபைபருக்கு ஊத்தற பிசின மட்டும் இடுக்குல வைக்காத."

"வைக்கமாட்டேண்ணே."

ஏன் என்று சிராய் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவளுக்கு வேறு பயங்கள் இருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்பாவை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டபின் அந்தப் பயங்களும் போய், ஒரே ஒரு பயம் மட்டும் மிச்சமிருந்தது.

அறை வாசலில் நின்று முதலில் அப்பாவின் நெஞ்சைத்தான் பார்த்தாள். கொஞ்ச நாளாக அதுதான் பழக்கம். ஏறி இறங்கியது. ஆக்ஸிஜன் இயந்திரம் கட்டிலடியில் இரைந்துகொண்டிருந்தது. மூன்று தலையணைகளில் சாய்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்தபடி, அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவ எறங்கிட்டாளா?" என்றாள் அம்மா.

"எறங்கிட்டா."

"மிதக்குதா?" அப்பாவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"மிதக்குதுப்பா. நேரா நிக்குது."

அப்பா கண்ணை மூடினார். உதடு விரிந்தது. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அம்மாவும் நினைத்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி?"

சிராய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் என்ன சொன்னது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு சொட்டு இல்லப்பா. உள்ள பாய் போட்டுப் படுக்கலாம். சித்தப்பா பம்பைக்கூட வெளிய எடுக்கல."

சிரிப்பு நின்றது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

அவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"பிசின் வச்சுட்டான்" என்றார் அப்பா. "படுபாவி. பிசின் வச்சுட்டான்."

"யாரு? என்ன சொல்றீங்க?"

"காஞ்ச பலகைம்மா. இத்தன வருஷம் காஞ்சது." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேட வேண்டியிருந்தது. "மொத நாள் தண்ணி உள்ள வரணும். பலகை அதக் குடிச்சு உப்பணும். உப்பித்தான் இடுக்கு அடையும். பஞ்சுன்னா அமுங்கிக் குடுக்கும். பிசின் கல்லு. பலகை உப்ப எடமில்லாம... விலாக்கட்டைய ஒடைச்சுக்கிட்டு வெளிய வரும்."

சிராய் கட்டிலருகே ஓடினாள்.

"அப்பா, இல்லப்பா. நான் பொய் சொன்னேன். தண்ணி வருது. நெறைய வருது."

அப்பா அவளைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பார்வை தெரியும். விளையாட்டில் விழுந்து, அடிபடவில்லை என்று சொன்னால் அப்படித்தான் பார்ப்பார்.

"சித்தப்பனுக்காகச் சொல்ற."

"சத்தியமாப்பா!"

"கையப் புடிச்சுக் கேட்டேன்." இருமல் வந்து அவரைக் குலுக்கிப் போட்டது. அடங்கியதும் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இனிமே என் மூஞ்சில முழிக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லு."

அவள் மறுபடி ஓடினாள்.

பம்பு கிளம்பியிருந்தது. அதன் குழாய் நுனியிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுக் கொப்பளித்தது. படகுக்குள் கணுக்கால் அளவுக்கு நின்ற தண்ணீரில் மரச்சுருளும் பஞ்சுப் பிசிறும் மிதந்தன. அவள் குதித்து இறங்கி வாளியை முக்கினாள்.

"எங்க எடுத்துட்டுப் போற? கடல்ல கொட்டு, கழுதை!"

"அப்பா பாக்கணும்."

"தண்ணியவா?" சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். "சோதிக்கறாரு பாத்தியா! அப்ப ஆளு தெம்பாத்தான் இருக்காரு. காட்டு, நல்லாக் காட்டு. தம்பி ஒண்ணும் பிசினு வைக்கலன்னு சொல்லு. வேற என்ன சொன்னாரு?"

அவள் வாளியோடு மேட்டில் ஏறினாள். வாளி தொடையில் இடித்துப் பாவாடையெல்லாம் நனைந்தது. சிந்தக் கூடாது என்று மெதுவாக நடந்தாள். பிறகு பயம் வந்து வேகமாக நடந்தாள். பாதி சிந்தியது.

அறை வாசலில் அம்மா வாயில் விரலை வைத்தாள்.

"இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பாத. நான் வெந்நீர் வச்சிருக்கேன், பாத்துட்டு வந்துடறேன்."

சிராய் வாசலில் நின்று நெஞ்சைப் பார்த்தாள். காத்திருந்தாள். இயந்திரம் இரைந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மேலே போகும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே போய் வாளியைக் கட்டிலோரம் வைத்தாள்.

"தண்ணிப்பா" என்றாள். "மரச்சுருளெல்லாம் இருக்கு பாருங்க. பஞ்சு இருக்கு. பாருங்கப்பா."

கையை வாளிக்குள் விட்டு எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது. தண்ணீர் ரேகைகளில் ஓடி, விரலிடுக்கு வழியாக விரிப்பில் இறங்கியது.

"எழுப்பாதன்னு சொன்னேன்ல!" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அடுப்பை அணைக்கும் சத்தம். டம்ளர் எடுக்கும் சத்தம். அம்மா வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு நேரம் ஆறுமோ அவ்வளவு நேரம் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிராய் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் வந்து போனார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். அத்தனை நாள் இரைச்சலும் நின்றபோது, கீழே துறையில் ஓடும் பம்பின் சத்தம் அறைக்குள் கேட்டது.

"கூடப் பொறந்தவன் எங்க?"

"ஆள் போய்ச் சொல்லியாச்சு. படகவிட்டு வரமாட்டேங்கறானாம்."

"இப்பயுமா படகு? என்ன மனுசன்!"

சற்று நேரத்தில் பம்பின் சத்தமும் நின்றது. சிராய் எழுந்து வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. எண்ணெய் தீர்ந்த பம்பு ஒரு மூலையில் கிடந்தது. சித்தப்பா முழங்காலளவு தண்ணீரில் நின்று, ஒரு தகரத்தால் அள்ளி அள்ளி வெளியே வீசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

"வந்துடறேன்னு அண்ணிகிட்ட சொல்லு. இன்னிக்கு ராத்திரி மட்டும் விடக் கூடாது. விட்டா முழுகிடுவா. அண்ணன் பாத்துக் கட்டுன பலகை. அதான்." மூச்சு வாங்கியது. "எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். சொல்லட்டும்."

அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தாரா? தண்ணிய?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

அப்பா சொல்லியனுப்பிய சொற்கள் தொண்டையில் இருந்தன. அவற்றை அப்பா அவளிடம்தான் கொடுத்திருந்தார், வேறு யாரிடமும் இல்லை. அம்மாவும் கேட்டாள்தான். ஆனால் அம்மா இனி அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள்.

"குடிக்கட்டும்னாரு."

தகரம் பாதியில் நின்றது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் படகுக்குள்ளேயே திரும்ப விழுந்தது.

"அவ்வளவுதானா?"

"வேலை முடிஞ்சதும் சித்தப்பாவ வரச் சொன்னாரு."

சித்தப்பா தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு மறுபடி அள்ளத் தொடங்கினார், முன்னைவிட வேகமாக.

சிராய் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினாள். பாதியாக வெட்டிய எண்ணெய் டப்பா ஒன்று மிதந்தது. அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவர் தகரம் கீழே போகும்போது அவளுடைய டப்பா மேலே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சித்தப்பா அவள் பக்கம் திரும்பாமலே, "குனிஞ்சு அள்ளாத, முட்டிய மடக்கி அள்ளு. இடுப்பு போயிடும்" என்றார்.

அவள் முட்டியை மடக்கி அள்ளினாள்.