ஓதம் ஏறாத கட்டடம்

கயிற்றுக்காரர் தெருவில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம் தரையைத் தொடுவதில்லை. பொறியாளர் ஃபிக்ரி ஸவ்வாஃப் அதைச் சோதிக்கப் போன அந்த வருடத்தில் அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்தது. கட்டடத்தை வாங்க வந்த ஒருவருக்காகப் போன ஃபிக்ரிதான் இதை முதலில் கண்டுபிடித்தார் என்று அலெக்சாந்திரியாவில் பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. குழாய்க்காரர் பயூமிக்குப் பல வருடங்களாகவே தெரியும். கட்டடத்தின் கழிவுக்குழாய் கீழே எட்டாமல் போகப் போக, அவர் ரப்பர்த் துண்டு செருகி நீட்டிக்கொண்டே வந்தார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையே என்பார். தெருப்பூனைகளுக்கு அவருக்கும் முன்பே தெரியும். மழை வந்தால் அவை பின்சந்தில் நுழைந்து முன்வாசல் பக்கம் வெளியே வரும். ஆகவே ஃபிக்ரி கண்டுபிடித்தார் என்பதைவிட, அதை முதலில் எழுதியவர் அவர் என்று சொல்வதே நியாயம்.

எழுதுவதுதான் அவர் தொழில். கடையோ கிடங்கோ அலுவலகக் கட்டடமோ வாங்குகிறவர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஃபிக்ரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சுவரைத் தட்டுவார், தூக்குக்குண்டு விடுவார், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை நுழைப்பார், இறங்கி வந்து குறைகளை எழுதிக் கொடுப்பார். கடல் காற்றும் உப்பு ஓதமும் தின்கிற ஊரில் குறைக்கா பஞ்சம்? ஃபிக்ரி ஏறிய படியில் விலை இறங்கும் என்று சொல்லி, தரகர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அத்தனை வருடத் தொழிலில், இந்தக் கட்டடம் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூட எழுதியதில்லை. ஊர் அதை நேர்மை என்று நினைத்தது. பாதி நேர்மைதான், மீதி பயம். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, அது ஆட்களோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அந்த மனிதரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கவும் அவருக்குத் தெரியாது. வாலிபத்தில் அவருடைய அம்மா அவரைப் பெண் பார்க்க வீடு வீடாக அழைத்துப் போனார். ஷர்பத் வருவதற்குள் இவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துவிடுவார். சுங்கச்சாவடி எழுத்தர் ஒருவரின் வீட்டில், பெண் தவ்லத் தட்டோடு வந்து நின்ற நேரம் பார்த்து, இந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் ஒழுகுகிறது என்றார். பெண் பிடிக்காததற்குச் சாக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்ட தகப்பனார் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். நோன்புப் பெருநாளுக்குள் அந்தச் சுவர் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. அதன்பிறகு தகப்பனாரின் கோபம் இரண்டு மடங்கானது. உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? தவ்லத்தைக் கப்பல் சமையல்காரன் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியவன் இறங்கியவன்தான். அவள் நீதிமன்றம் போய் விவாகரத்து வாங்கிக்கொண்டு, கயிற்றுக்காரர் தெருக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மணப்பெண் உடுப்புகளை வாடகைக்கு விடும் கடை போட்டாள். முதலில் வாடகைக்குப் போனது அவளுடைய சொந்தக் கல்யாண உடுப்பு. ஃபிக்ரி அந்த வீட்டுக்குப் பிறகு எங்கும் பெண் பார்க்கப் போகவில்லை.

கட்டடத்தை வாங்க வந்தவர் காகித வியாபாரி ஹாஜி தஸூகி. மேல் மாடிகளில் இருந்த கப்பல் கம்பெனி காலி செய்து வெகுகாலமாகிவிட்டது. கீழே தவ்லத் மட்டும் இருந்தாள். பழைய வாடகைக்காரரை வெளியேற்றுவது அந்த ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் கட்டடம் விழும் நிலையில் இருக்கிறது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றோடு வாடகை முடிந்தது. ஹாஜி கெட்டவர் இல்லை, வியாபாரி. கைக்கூலி கொடுத்துப் பொய் எழுத வைப்பது பாவம் என்று நம்புகிறவர். அதனால்தான் எதிலும் குறை காணும் ஃபிக்ரியைத் தேடிப் பிடித்தார். புதினாத் தேநீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், பாஷ்முஹந்திஸ். உங்க கண்ணுல பட்டத எழுதுங்க, போதும்" என்றார். பொறியாளர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

தெருவில் நின்றபோதே ஃபிக்ரிக்கு ஏதோ இடித்தது. அந்த ஊரில் தார் போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலேயே ஊற்றுவார்கள். வருடத்துக்கு வருடம் தெரு உயர்ந்து கடைகள் பள்ளமாகிவிடும், வாடிக்கையாளர்கள் இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் ஏறிப் போகவேண்டியிருந்தது. அவர் பயூமியைத் துணைக்கு அழைத்துப் பின்சந்தில் சோதனைக் குழி தோண்டினார். அஸ்திவாரக் கல்லின் அடிப்பக்கம் தெரிந்தது. கையை நுழைத்தால் காற்று பட்டது. நூலில் கல்லைக் கட்டி அந்த இடைவெளிக்குள் எறிந்தார். முன்பக்கத்தில் குப்பையை விலக்கிப் பயூமி அதை எடுத்தார். இருவரும் நூலின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். நூல் எங்கேயும் தட்டவில்லை. ரப்பர் இன்னும் ஒரு முழம் வாங்கவேண்டும் என்றார் பயூமி.

சத்தம் கேட்டு வெளியே வந்த தவ்லத், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருவருக்கும் தலை நரைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது.

"இங்கயும் குழாய் ஒழுகுதா, பாஷ்முஹந்திஸ்?"

ஒழுகவில்லை, கட்டடம்தான் தரையைத் தொடவில்லை என்றார் அவர். அவள் அதிசயப்படவில்லை. வியாழக்கிழமைகளில், ஊரில் பாதிக் கல்யாணம் நடக்கிற அந்த நாளில், உடுப்புகளெல்லாம் வெளியே போனபின் கடை லேசாக எழும்புவது காலில் தெரியும் என்றாள். சனிக்கிழமை இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கு இறங்காது. மூட்டுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். பிறகு, ஹாஜி எதற்கு அவரை அனுப்பியிருக்கிறார் என்பதையும் அவளே சொன்னாள். கடை போனால் அந்த வயதில் அவளுக்கு வேறு கடை கிடைக்காது, அண்ணன் வீட்டு அடுப்பங்கரைதான். அதையும் மறைக்கவில்லை. "எனக்காகப் பொய் எழுத வேணாம். ஆனா பயந்துக்கிட்டு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள்.

அவர் ஹாஜியிடம் அவகாசம் கேட்டார். விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சம் பட்டை பூசி, அதன்மேல் தேதி எழுதி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். விரிசல் வளர்ந்தால் பட்டை உடைந்து காட்டிக்கொடுக்கும். அந்தக் கட்டடத்தில் இருந்ததெல்லாம் மயிரிழை விரிசல்கள். வாரத்துக்குச் சிலவாக, அவற்றில் ஒன்றைக்கூட விடாமல் பட்டை பூசினார். வாரா வாரம் வந்து பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. எழும்பி இறங்கும் கட்டடத்தில் எப்படி உடையாமல் இருக்கும் என்று யோசித்தபடி, தவ்லத் கொடுக்கும் காப்பியைக் குடித்தார். உடுப்புகளில் முத்து கோத்துக்கொண்டே அவள் ஊர்க்கதை சொல்வாள். எந்த மணப்பெண் அழுதாள், எவள் சிரித்தாள், எவள் உடுப்பைத் திருப்பித் தராமல் கணவனோடு லிபியாவுக்குப் போய்விட்டாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. கோடை முடிவதற்குள் கட்டடத்தில் பட்டை பூச விரிசல் மீதியில்லை. அதற்கடுத்த வாரம் அவர் வந்து, கடையின் உட்சுவரில், தையல் மெஷினுக்கு நேர் எதிரே, ஒரு பட்டை பூசித் தேதி எழுதிவிட்டுப் போனார்.

தவ்லத் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தாள். பயூமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பயூமி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அடுத்த முறை ஃபிக்ரி வந்தபோது அவள் தையலை நிறுத்தவில்லை.

"இந்தச் சுவத்துல விரிசலே இல்லையே."

"இல்ல."

"அப்புறம் இது எப்ப உடையும்?"

"உடையாது, மேடம்."

"பின்ன எதுக்கு வாரா வாரம் வந்து பாக்கணும்?"

பார்க்கத்தான் என்று சொல்ல நினைத்தவர் காதுவரை சிவந்துபோய்க் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதன் குறையில்லாத சுவரைக் குறையில்லாதது என்று ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரமே அவர் அறிக்கையை எழுதினார். அஸ்திவாரம் தரையைத் தொடவில்லை. மண்ணுக்குள் இறக்கம் இல்லை, இறங்குவதற்கு ஒன்றுமில்லாததால். தூண்களும் உத்தரங்களும் நேராக உள்ளன. இவ்வளவையும் எழுத அதிக நேரம் ஆகவில்லை. கடைசியில் 'விழாது' என்று ஒரு சொல் எழுதத்தான் முற்பகல் முழுவதும் பிடித்தது. எழுதி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹாஜி தஸூகி அதை இரண்டு முறை படித்தார். தரையில் நிற்கிற கட்டடங்களையெல்லாம் விழும் விழும் என்றவர், அந்தரத்தில் நிற்பதை விழாது என்கிறார். "கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரி. நீங்க அதுக்குள்ள குடியிருப்பீங்களா?" என்று கேட்டார். இருப்பேன் என்று ஃபிக்ரியின் வாய் சொல்லிவிட்டது. மனம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதோடு இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. நவம்பரில் அடிக்கும் துடைப்பப் புயல்வரை ஹாஜி பொறுப்பார். புயலில் ஒரு காரைத்துண்டு உதிர்ந்தாலும் தவ்லத் வெளியே போகவேண்டும். உதிராவிட்டால் அவள் ஆயுசுக்கும் இருக்கலாம். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஹாஜி தன் பங்காக ஒரு கட்டுக் காகிதத்தையும் மேல்மாடியில் கொண்டுவந்து போட்டார்.

ஃபிக்ரி ஒரு பெட்டியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார். கடலைத் துடைத்துத் தெருவில் தள்ளுவதால்தான் அந்தப் புயலுக்கு அந்தப் பெயர். அந்த வருடம் நன்றாகவே துடைத்தது. பள்ளத்துக் கடைகளில் முழங்கால் தண்ணீர் ஏறியது. கயிற்றுக்காரர் தெருவின் வியாபாரிகள் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, கூப்பிடாமலேயே தவ்லத்தின் கடைக்கு ஏறி வந்தார்கள். வெள்ளம் கட்டடத்துக்குக் கீழே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. காற்று அறைந்தபோதெல்லாம் கட்டடம் நங்கூரம் போட்ட படகுபோல மெல்லத் தலையாட்டியது, குழந்தைகள் தூங்கிப்போயின. மாடியில் ஃபிக்ரி மட்டும் ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் கண்ணை எடுத்தால் கட்டடம் விழுந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். கீழே இத்தனை பேர், அதில் தவ்லத் ஒருத்தி. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பருப்பு சூப்போடு ஏறி வந்த தவ்லத் அவர் முகத்தைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து ரசமட்டத்தின் மேல் போட்டு மூடினாள்.

"போதும் பாத்தது. சூப்பு ஆறுது."

அவர் ஒரு கரண்டி குடித்தார். கட்டடம் விழவில்லை. இன்னொரு கரண்டி குடித்தார்.

புயல் ஓய்ந்தபின் ஹாஜி வந்து பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்தார். அந்தப் பருவத்தில் அவருடைய எல்லாக் கிடங்குகளிலும் காகிதம் ஓதம் ஏறி அலை அலையாக நெளிந்திருக்கும். இது அப்பளம்போல மொரமொரவென்று இருந்தது. மண்ணைத் தொடாத சுவரில் ஓதம் எப்படி ஏறும்? இந்தச் சின்ன விஷயம் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அவர் கட்டடத்தை வாங்கி, ஃபிக்ரி இருந்த மாடியை விட்டு மற்ற மாடிகள் முழுக்கக் காகிதத்தை அடுக்கினார். கீழ்த்தளத்தைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. ஃபிக்ரிக்கும் தவ்லத்துக்கும் கல்யாணம் ஒரு வியாழக்கிழமை, கடையிலேயே நடந்தது. அன்று கட்டடம் ஒரு முழம் ஏறிவிட்டதால் தவ்லத்தின் அண்ணனை நாற்காலியோடு தூக்கி இறக்கவேண்டியிருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் படி போய் ஏணி வந்தது. முதல் மாடியிலிருந்து கடல் தெரிய ஆரம்பித்ததும், கடல் பார்த்த கட்டடம் என்று வரியை உயர்த்தினார்கள். இப்போது அதன் அடி நிழலில் ஈரல் பொரிப்பவர் ஒருவர் வண்டி போட்டிருக்கிறார்.

ஃபிக்ரி இன்றும் கட்டடங்களைச் சோதிக்கப் போகிறார், இன்றும் குறைகளைத்தான் எழுதிக் கொடுக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். பிறந்ததிலிருந்து எந்தக் கூரையின் கீழும் அரைக்கண் மூடித் தூங்கிய மனிதர், கீழே ஒன்றுமில்லை என்று தானே எழுதிக் கொடுத்த கட்டடத்தில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். போன வியாழக்கிழமை தவ்லத் வந்து அவர் தோளை உலுக்கினாள்.

"எந்திரிங்க. இன்னும் ரெண்டு சாண் ஏறிட்டுது. ஏணி எட்டல, பொண்ணு வீட்டுக்காரங்க கீழ நிக்கிறாங்க."

"பயூமிகிட்ட பெரிய ஏணி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.