எஞ்சினுக்கு வெட்டிய சட்டை

இளங்குமரனுக்கு இருந்த கிறுக்கு அந்த வட்டாரத்துக்கே தெரியும். திருப்பூரில், பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட் வைத்திருக்கிற மனுசன், ஞாயிற்றுக்கிழமையானால் ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சினைக் குட்டியாகச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கடையில் வாங்கிக் கோக்கிற சமாச்சாரமில்லை, துண்டு துண்டாகச் சொந்தக் கைவேலை. செய்து முடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். நிட்டிங் மெஷினில் உடைந்து விழுகிற ஊசிகளைத் தேய்த்துச் சக்கரங்களைச் சேர்க்கிற தண்டு செய்வான். மழுங்கின ஊசியால் பித்தளைத் தகட்டின் பின்புறம் குத்திக் குத்தி, முன்னால் ஆணித்தலைகளை வரிசையாகப் புடைக்க வைப்பான். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் எஞ்சினுக்கடியில் குனிந்து படம் எடுத்து, அங்கிருந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஆனால் தட்டைத் தகட்டை எங்கே வெட்டி எங்கே மடித்தால் டிரைவர் அறையும் தண்ணீர்த் தொட்டியும் வரும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை. தகடு பாழானதுதான் மிச்சம். இத்தனைக்கும் அதில் கெட்டிக்காரி அவன் வீட்டிலேயே இருந்தாள். பெண்டாட்டி மதுமதி பேட்டர்ன் மாஸ்டர். உடுப்புக்கு அளவுக் காகிதம் வரைந்து வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர்.

பேர் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன தை மாசம் அவள் பேட்டர்னை வைத்துத் தைத்த டீசர்ட்டுகள், துவைத்துப் பார்த்ததும் மொத்தமாகக் குட்டையாகிப் போயின. பனியன் துணி சுருங்கும், அதற்காக முன்கூட்டியே கொஞ்சம் கூட்டி வரைய வேண்டும் என்பது திருப்பூரில் டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும். அதை நீ மறந்துவிட்டாய் என்றது கம்பெனி. அளந்து பார்க்க அந்தக் காகிதமும் மிஞ்சவில்லை, யோசித்து யோசித்துப் பார்த்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தினமும் சோற்றுக்கு உப்புப் போடுகிறவளிடம், அன்றைக்குப் போட்டாயா என்று கேட்டால் என்ன சொல்வாள்? எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவள்தான், அப்புறம் கத்தரியைத் தொடவே இல்லை. தன் ரவிக்கையைக்கூட வெளியே கொடுத்துத் தைத்தாள். பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனிக்காரர் வேலைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனார். என் கை மறந்து போச்சுங்க, என்னை விட்டுடுங்க என்பாள்.

அதனால்தான் இளங்குமரன் அவளிடம் கெஞ்சினான். எஞ்சினுக்கு ஒரு சட்டை வரைந்து கொடு, அது போதும் என்றான். வரைந்து மட்டும் தருகிறேன், வெட்டுவது உங்கள் பாடு என்றாள். அவன் சொன்ன அளவுகளுக்கு அவள் பென்சிலால் வரைந்த காகிதத்தைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இது மட்டும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் அவளை மறுபடி வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினான்.

காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, சன்ன ரம்பத்தால் அறுத்து, மடித்து, எஞ்சின் சட்டத்தின் மேல் வைத்தான். உட்காரவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டின மாதிரி நாலு பக்கமும் தொளதொளவென்று நின்றது.

நிஜமாகவே இவளுக்குக் கை தப்பிவிட்டதோ என்று அவனுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே கோபமும் வந்தது. அவள் பார்ப்பதற்குள் ராவிச் சரிக்கட்டிவிடலாமென்று அரத்தை எடுத்தான். அந்த நேரம் பார்த்து அவள் வந்து நின்றாள்.

"எதுக்குங்க ராவுறீங்க?"

அவள் எஞ்சினைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். அவன் சொன்ன அளவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டாள். மறுபடியும் அளந்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீளத்துல ஆறு பர்சென்ட்டு கூட இருக்குது, அகலத்துல நாலு," என்றாள். "பருத்தித் துணி சுருங்கும்னு நான் எப்பவும் கூட்டி வெக்கிற அளவு."

பித்தளையைத் துவைத்தால் சுருங்குமா? இளங்குமரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். எத்தனை மாசமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க, பித்தளைக்கே என்னையறியாம வெச்சிருக்குது இந்தக் கை. துணிக்கா மறந்திருக்கும்?"

டீசர்ட்டுக்குத் துணி வெட்டின அன்றைக்கு நடந்ததை அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். துணி ரோல் மத்தியானம்தான் வந்தது. பிரித்து ஒரு நாள் ஆறப்போட வேண்டிய துணி அது. இழுத்துச் சுற்றின இழுவை அடங்கின பிறகுதான் கத்தி வைக்கலாம், இல்லாவிட்டால் கூட்டி வைத்த அளவையும் மீறிச் சுருங்கும். லாரி நிற்கிறது என்று சாயங்காலமே வெட்டிவிட்டார்கள். அவளும் அதைப் பார்த்தாள். ஆனால் எல்லாரும் சேர்ந்து நீ மறந்துவிட்டாய் என்றதும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாளே ஒழிய, அந்தத் துணியை அவள் நினைக்கவே இல்லை. இவ்வளவு நாள் இந்தக் கையைத் திட்டித் தீர்த்தேனே என்று அழுதாள். இளங்குமரன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் இன்றைக்குச் சந்தேகப்பட்டுவிட்டேன் அம்மணி என்று சொல்லவும் செய்தான். தெரியுமுங்க, அரத்தைப் பார்த்தப்பவே தெரியும் என்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பெருமாநல்லூர்க்காரரைத்தான் கூப்பிட்டாள்.

"வேலைக்கு வர்றேனுங்க. ஆனா துணிய ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் வெட்டோணும். லாரி நின்னாலும் சரி. அதுக்கு ஒத்துக்கிட்டா மட்டும் வர்றேனுங்க."

அவர் ஒத்துக்கொண்டார் போல, சரிங்க, திங்கக்கிழமை வர்றேனுங்க என்று வைத்துவிட்டாள்.

தொளதொளத்த தகட்டை அவன் ஓரமாக எடுத்து வைக்கப் போனான். அதை ராவவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். வேறு வரைந்து தருவதாகச் சொல்லிக் காகிதத்தை விரித்தாள்.

"என் கத்தரி எங்கீங்க?"

அது அவன் டூல்ஸ் பெட்டியிலேயே இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க, மெஷின் ஊசிக்கு விடுகிற எண்ணெயை வாராவாரம் அதற்கும் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். அவள் விரலை நுழைத்து இரண்டு தரம் வெறுமனே வெட்டிப் பார்த்துவிட்டு, காகிதத்தில் வைத்தாள்.