லால்பாக்கில் தற்செயலாக

பெண் பார்க்க வீட்டுக்கு வந்து பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்பதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கமாம். மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு காலை லால்பாக் கண்ணாடி மாளிகை வாசலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்காவிட்டால் பூவைப் பார்த்தோம், போனோம். யாருக்கும் மானம் போகாது. இந்த நாகரிகத்தைக் கேட்டு ஜெயராமன் சொக்கிப்போனார். மின்சார வாரியத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு, ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு மகளோடு இருக்க வந்தவர் அவர். அன்றைக்குக் குடியரசு தின மலர்க் கண்காட்சி, ஊரே அங்கேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

மகள் சரளாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தில் தொலைந்துபோனால் சாமிக்குத் தேங்காய் உடைக்கத் தயாராக இருந்தாள். இதற்குமுன் வந்த வரன்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். கல்யாணமானதும் வேலையை விட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்கள். சரளாவுக்கோ தன் வேலை உயிர். இந்த முறை தானே முதலில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இதுவும் தட்டிப்போனால் வாணியம்பாடி மாமா மகன்தான் என்று அம்மா மரகதம் சொல்லிவிட்டாள். பெண்கள் கைக்கடிகாரம் கட்டுவதே அதிகம் என்பது அந்த மாமா மகனின் கொள்கை.

பையன் நீலச் சட்டை போட்டிருப்பான் என்பது தரகர் சொன்ன அடையாளம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்காரர்களில் நீலச் சட்டை போடாதவனைத்தான் அடையாளம் சொல்ல முடியும். ஆனாலும் ஜெயராமன் அசரவில்லை. நீலச் சட்டைப் பையன், பட்டுப்புடவை அம்மா, யாரையோ தேடும் அப்பா என்று ஒரு குடும்பத்தைக் கண்டதும் நேரே போனார். ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார் அந்த அப்பா, அதைவிட நன்றாக ஒத்திகை பார்த்தவர்போல. பேர், ஊர், ஜாதி ஜனம் எதையும் யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன்?

பெரியவர்கள் மழை, வெயில், கத்தரிக்காய் என்று குலாவினார்கள். குடும்பம் என்றால் இதுவல்லவா குடும்பம் என்று ஜெயராமன் மனைவியின் காதைக் கடித்தார். சின்னவர்களை ஆர்க்கிட் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள்.

சரளா ஆர்க்கிட்டைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன், சம்மதமா என்று நேராகக் கேட்டாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"வேலைய விடச் சொல்ல நான் யாருங்க? எனக்கே போன மாசம் வேலை போயிடுச்சு. அப்பாதான் உங்க வீட்ல சொல்லவேணாம்னாரு. மறைச்சு கல்யாணம் பண்ணா நல்லாவா இருக்கும்?"

கம்பெனிகள் ஆட்களைக் களையெடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. தரகர் வாயில் நிஜம் வராது என்று தெரியும்; மாப்பிள்ளை வாயில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. அவனைப் பிடித்துவிட்டது. இருவரும் சுருமுரி என்கிற மசாலாப் பொரி வாங்கித் தின்றார்கள். வெங்காயம் அதிகம் என்று அவன் குறைபட்டதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வந்தால் அங்கே தரகர் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். பின்னால் இன்னொரு நீலச் சட்டை, இன்னொரு பட்டுப்புடவை. வேறு வாசலில் காத்துக் காத்துக் கால் கடுத்துப் போன அசல் மாப்பிள்ளை வீட்டார் அவர்கள். ஜெயராமன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அப்பாவுக்கும் அதே கதி. அவர் வீட்டார் தற்செயலாகச் சந்திக்க வந்தது ஒரு கிருஷ்ணகிரிக் குடும்பத்தை. சற்றுமுன் அவர் தோளில் கை போட்டிருந்த நம் ஜெயராமன், நீங்கள் எந்த ஜனம் என்றுகூடக் கேட்காமல், தொட்டது சுட்டதுபோல நகர்ந்துகொண்டார்.

இரண்டாவது பெண் பார்த்தல் உடனே தொடங்கியது. அசல் மாப்பிள்ளை ராஜேஷ்குமார் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேசினாள். சரளா தன் கேள்வியை அவளிடமே கேட்டாள்.

"வேலைக்குப் போற பொண்ணுன்னா எங்களுக்கு ரொம்ப மரியாதைம்மா. கல்யாணம் வரைக்கும் தாராளமா போகட்டும்."

இத்தனை பெருந்தன்மையைத் தாங்க முடியாமல் ஜெயராமன் கை கூப்பினார். அவர்கள் காரை எடுக்கப் போனதும் மகள் பக்கம் திரும்பினார்.

"பையனப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்குப்பா."

ஜெயராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. மரகதம் மட்டும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பையன் என்று அவள்தான் கேட்டாள்.

"முதல்ல பார்த்தவர."

ஜெயராமன் கோபப்படலாம் என்றால் சுற்றிலும் ஊர் நின்றது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "அவங்க என்ன ஜனம்னே தெரியாதேம்மா."

சரளாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தூரத்தில் அந்த முதல் நீலச் சட்டை இன்னும் தெரிந்தது, வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"இருங்க, கேட்டுட்டு வரேன்."

"ஜனத்தையா?"

"இல்லப்பா, பேர. இன்னும் அதையே கேக்கல."

அப்பா பதில் சொல்வதற்குள் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடக்கக் கூடாத புல்வெளியில் இறங்கி ஓடத் தொடங்கினாள்.