எட்டு மணிக்கு முந்தைய எண்

1

காலை எட்டு மணிக்கு எண் வெளியாகும். அதற்கு முன் அதை வெளியே சொல்வது குற்றம்.

இந்தக் கதை அதற்குச் சற்று முன்பு, எங்கள் சமையலறையில் தொடங்கியது. மே மாதக் கடைசி. என் மனைவி மாரென் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சேவைத் துறை வருடத்தின் முதல் காலாண்டில் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டேன். வெண்ணெயை விளிம்புவரை கொண்டுபோனாள். பிறகு, எட்டு மணிக்கு ரேடியோவில் கேட்டுக்கொள் என்றாள்.

எனக்கு எண் வேண்டாம். நாட்டின் சேவைத் துறை வளர்ந்தாலும் தேய்ந்தாலும் என் நாவல் விற்கப்போவதில்லை. ஆனால் அந்த எண் சில நாட்களாக அவளிடம் இருந்தது. எங்கள் படுக்கையில் எங்களுக்கு நடுவே படுத்திருந்தது. [அலங்காரம். எடுத்துவிட வேண்டும்.] அது தெரிந்த இன்னொருவன் இருக்கிறான். டோர்கில். அவளுடைய எதிர்மேசைக்காரன்.

கதையின் பிறப்பு இதுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"கோபன்ஹேகனில் மழை பெய்துகொண்டிருந்தபோது தேசிய வருமானம்

"மாரென் பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால்

"டோர்கில் அழகன்.

மூன்றாவதை ஒரு வாரம் வைத்திருந்தேன். அப்புறம் அதையும் அடித்தேன். அவன் அழகன் இல்லை. துறைமுகத்தில் நடந்த அலுவலகக் கோடை விருந்தில் ஒரே ஒருமுறை அவனைப் பார்த்திருக்கிறேன். நடுத்தர உயரம், வெயிலில் சிவந்த காதுகள். வினிகரில் ஊறிய மீன்துண்டை நின்றபடியே தின்றான். சட்டையில் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை. மாரென் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், ஒரு காகிதக் கைக்குட்டையை அவன் பக்கம் நீட்டினாள். அவனும் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

[ஒரு காகிதக் கைக்குட்டைக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம்.]

இருவரும் சேர்ந்துதான் அறிக்கை எழுதுகிறார்கள். நான்கே வரி. போன காலாண்டில் "மிதமாக வளர்ந்தது" என்று எழுதுவதா, "சற்றே வளர்ந்தது" என்று எழுதுவதா என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை. எண் வெளியான பிறகு சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் எல்லா நாளிதழிலும் அந்தச் சொல் வந்தது. "சற்றே" வென்றிருந்தது. அது அவனுடைய சொல்.

என் புத்தகங்கள் எல்லாவற்றையும் மாரென் படித்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்பாள். என்னோடு ஒரு சொல்லுக்காக அவள் சண்டை போட்டதே இல்லை.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேவை என்பது கையில் பிடிக்க முடியாதது. முடிவெட்டு, பேருந்துப் பயணம், வக்கீலின் ஆலோசனை, விடுதியில் ஓர் இரவு. தொழிற்சாலையின் பொருளை எண்ணலாம். இவற்றில் செலுத்திய கட்டணத்தைத்தான் எண்ண முடியும். கட்டணம் இல்லாத இடத்தில் சேவை இல்லை. மாரென் எனக்கு விளக்கியது இது.

ஆகவே, நான் வீட்டில் மாரெனுக்குச் சமைத்தால் கணக்கில் வராது. அவள் டோர்கிலோடு உணவகத்தில் சாப்பிட்டால் நாடு வளரும். அவள் காய்ச்சலில் கிடக்க நான் ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டால் பூஜ்யம். செவிலியை வைத்தால் வளர்ச்சி. பதினெட்டு வருடக் கல்யாணத்தில் இந்த நாட்டின் சேவைத் துறைக்கு என் பங்களிப்பு ஒன்றுமில்லை.*

* இதை அவளிடம் சொன்னேன். "பில்லு அனுப்பு, சேத்துக்கறோம்" என்றாள்.

4

இப்போது கேக்.

எங்கள் ஊர் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். கேக்கைத் தின்பார்கள், தப்பு தீர்ந்துவிடும்.

எண் வெளியாவதற்கு முந்தைய ஞாயிறு மாரென் கேக் சுட்டாள். மேலே தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றுவது. ஓரம் மட்டுமாவது கொடு என்றேன். தட்டு முழுசாகப் போக வேண்டும் என்றாள். என்ன தப்பு என்று கேட்டேன். எட்டு மணிக்கு முந்தைய விஷயம், சொல்லக் கூடாது என்றாள். வெளியான அன்று மாலைதான் சொன்னாள்.

இந்த வருடம் ஈஸ்டர் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. போன வருடம் ஏப்ரலில். விடுமுறைக் கூட்டம், ரயில், விடுதி, உணவகம் எல்லாம் ஒரு காலாண்டு முன்னால் நகர்ந்துவிட்டன. கணக்கிடும் கணினி நிரலுக்கு ஈஸ்டர் எப்போது என்று யாராவது சொல்ல வேண்டும். பழைய தேதியே கிடந்திருக்கிறது. விடுமுறைக் கூட்டமும் வளர்ச்சியாகச் சேர்ந்து, கணக்கில் சேவைத் துறை பேய்த்தனமாக வளர்ந்துவிட்டது. வெளியே போகும் முன் அவள் பிடித்துவிட்டாள்.

எப்படிப் பிடித்தாள் என்று கேட்டேன். ஈஸ்டருக்கு நாங்கள் யுட்லாந்துக் கடற்கரை வீட்டுக்குப் போயிருந்ததை நினைத்தாளாம். வெளியே உட்கார முடியாத குளிர். கம்பளிக்குள் இருவரும் நடுங்கினோம். அப்படியென்றால் ஏப்ரல் இல்லை, மார்ச்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கம்பளியை அவள் டோர்கிலிடம் விவரித்திருப்பாள் என்றுதான் தோன்றியது.

"தேதிய மாத்தாம விட்டது நீயா?" என்றேன்.

"நான் இல்ல. டோர்கில்."

"அப்ப கேக்கு ஏன் நீ சுட்ட?"

"அவர் இருக்கற எடத்துல ஓவன் இல்லப்பா."

விவாகரத்துக்குப் பிறகு அவன் அமாகரில் ஒரு தோட்டக் குடிலில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஓவன் இல்லை என்பது தெரியாது.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. கதாபாத்திரமாக இருந்தால் கேட்டிருப்பேன்.

5

முடிவுகள்.

அ) மாரென் போகிறாள். சைக்கிளில் இரண்டு பை. மற்றதற்குப் பிறகு ஆள் அனுப்புகிறாள். [ஆள் வைத்துச் சாமான் ஏற்றுவதும் சேவைதான். மலிவான நகைச்சுவை. வேண்டாம்.]

ஆ) ஒன்றுமே இல்லை. அவள் நல்ல சக ஊழியர், அவன் ஓவன் இல்லாதவன், நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவன். இது உண்மையாக இருக்கலாம். இதை எழுதிப் பார்த்தேன். இரண்டு வாக்கியத்துக்குமேல் நகரவில்லை.

இ) அலுவலகத்தின் பின் மாடிப்படி. தேதியைத் திருத்திவிட்டார்கள். எண் சரியாகிவிட்டது. அந்த மணிநேரத்தில் நாட்டில் அவர்கள் இருவருக்கு மட்டுமே அது தெரியும். அவள் இரண்டு படி கீழே நிற்கிறாள். சிரிக்கிறாள். அவன் குனிகிறான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

'இ'யை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு சொல்லும் அடிக்கவில்லை. இந்தக் கதையில் அப்படி வந்த ஒரே பத்தி.

6

[இந்தப் பகுதியை அவள் இன்னும் படிக்கவில்லை.]

தாள்களைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். மறந்து வைத்தேன் என்று எழுதலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

திரும்பி வந்தபோது மாரென் படித்து முடித்திருந்தாள். கையில் பென்சில். அலுவலகப் பழக்கம், எதையும் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டாள். தவறு உள்ள இடத்தில் குறிப்பாள். சரியாக உள்ள இடத்தில் ஒன்றும் செய்ய மாட்டாள்.

கோபம் எதுவும் தெரியவில்லை. மழையில் ஆரம்பிக்காதது நல்லது என்றாள். பிறகு தாள்களை என் பக்கம் தள்ளினாள்.

"எழுத்தாளரே, கட்டணம் இல்லன்னா சேவையே இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? அப்ப காசு வாங்காத பள்ளிக்கூடம்? ஆஸ்பத்திரி? அலுவலகத்துல என் மானம் போயிடும்."

மேலே நீங்கள் படித்தது திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அவள் திருத்தியவை இவை. முதல் பகுதியில் "எண்" அல்ல, "மதிப்பீடு". இரண்டாம் பகுதியில் மீன் அல்ல, இறைச்சி உருண்டை. டோர்கில் மீன் சாப்பிடுவதில்லை. "சற்றே" அவனுடைய சொல் அல்ல, அவளுடையது. மூன்றாம் பகுதியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். நான்காம் பகுதியில் நிரல் தேதியைக் கேட்பது எப்படி என்று ஓரத்தில் ஒரு சிறு படம்கூட வரைந்திருந்தாள்.

ஐந்தாம் பகுதியைத் திருப்பினேன். முதல் முடிவில் "சைக்கிளில் இரண்டு பை" என்பதற்குப் பக்கத்தில், தன் சைக்கிளில் கூடை இல்லை என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில் "வேலையில்லாமல்" என்ற சொல்லை அடித்திருந்தாள். எனக்குப் பரிந்து அடித்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது சுத்தமாக இருந்தது. மாடிப்படி, இரண்டு படி கீழே, சிரிப்பு. காகிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் பட்டு அழித்த தடமும் இல்லை.

அவள் ரொட்டியை டப்பாவில் அடுக்கினாள். தலைக்கவசத்தை எடுத்துத் தாடைக்குக் கீழே வாரை இழுத்தாள். அடுத்த காலாண்டின் வேலை அன்று ஆரம்பம். நான் கேட்கப்போவதற்கு அவள் சொல்லப்போவதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது என் வாக்கியமாகிவிடும், நான் அதை அழகாக்கிவிடுவேன். நீங்களே அவள் முகத்தைப் பாருங்கள். நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பத்தில தப்பே இல்லையா, மாரென்?"